பின்னுக்குப் போகும்போது நிற்காத இயந்திரம்

படகு இயந்திரம் ஒன்றை முழுதாகப் பிரித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றித் திரும்பப் பூட்டிய பிறகு அது மக்கர் பண்ணினால், பார்க்க வருகிற எல்லாரும் உள்ளேதான் ஏதோ பிழை என்பார்கள். பிஸ்டனைச் சொல்வார்கள், பெயாரிங்கைச் சொல்வார்கள். என் அனுபவத்தில் பிழை பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். கழற்றிப் பூட்டும்போது நாம் அசைத்த ஒரு வயரிலோ, துடைத்து வைத்த ஒரு சென்சரிலோ இருக்கும். நான் வேலை செய்த காலத்தின் பாதியும் அந்த மாதிரிப் பிழைகளோடுதான் போனது.

போன மாதம், ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் என்னை வாசுகி மிஸ் தொலைபேசியில் அழைத்தார். முன்பு எங்கள் வேர்க்‌ஷொப்பின் பொறியியலாளராக இருந்தவர். இப்போது திருகோணமலையில் படகு இயந்திரப் பயிற்சி நடத்துகிறார். அங்கே வருகிறவர்கள் மடிக்கணினியை இயந்திரத்தில் செருகி, அது எந்தச் சென்சரின் பெயரைக் காட்டுகிறதோ அதை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்களாம். நாங்கள் முன்பு திருத்திய நெடுந்தீவுப் படகின் கதையை எழுதித் தரும்படி கேட்டார். நீங்களே எழுதலாமே என்றேன்.

"நான் எழுதினால் பாடமாப் போயிடும், தவம் அண்ணை. நீங்கள் நடந்ததை எழுதுங்கோ" என்றார்.

ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியது சுன்னாகத்தில் ஒரு கராச்சில். தண்ணீர் இறைக்கும் மெஷின், இரண்டு சில் உழவு இயந்திரம், பழைய லொறி, எது வந்தாலும் அங்கே திருத்துவோம். யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியதும், பற்றரி கிடைக்காமல் தவித்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அந்த நாட்களில் வயரிங் என்னிடம் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். யுத்தம் முடிந்த பிறகு ஊர்காவற்றுறைப் பக்கம் புதிதாகத் தொடங்கிய படகு வேர்க்‌ஷொப் ஒன்றில் மின்வேலைக்காரனாகச் சேர்ந்தேன். குலம் என்பவர் இயந்திரத்தின் இரும்பு வேலையைப் பார்ப்பார். வயர், சென்சர், பற்றரி எல்லாம் என் பொறுப்பு. இருவரும் கிட்டத்தட்ட ஒரே வயது.

வாசுகி மிஸ் எங்களுக்கு மேலதிகாரியாக வந்தபோது எங்களைவிட இருபது வயது இளையவர். உடுவிலில் படித்து, பல்கலைக்கழகம் போய், கொழும்பில் கப்பல் திருத்தும் இடத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர். வந்த முதல் வாரம் நானும் குலமும் அவர் எவ்வளவு நாள் தாக்குப்பிடிப்பார் என்று எங்களுக்குள் கதைத்துக்கொண்டோம். அவருக்கு அது தெரிந்திருக்கும். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

அவரது வழக்கங்கள் எனக்கு இன்றும் நினைவில் இருக்கின்றன. படகு ஒன்று பிழையோடு வந்தால் முதலில் இயந்திரத்தின் பக்கமே போகமாட்டார். படகு ஓட்டியைக் கூப்பிட்டு இருத்தி, தேநீர் கொடுத்து, என்ன நடந்தது என்று கேட்பார். ஓட்டி "சென்சர் பழுது" என்று தொடங்கினால், "சென்சரைப் பற்றிப் பிறகு கதைப்பம், நீங்கள் என்ன கேட்டீங்கள், என்ன பார்த்தீங்கள், அதைச் சொல்லுங்கோ" என்பார். குறுக்கே பேசமாட்டார். கேட்டு முடிந்த பிறகுதான் இயந்திர அறைக்குள் இறங்குவார். கைப்பையில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும். அதை இயந்திரத்தின் பின்பக்கம் நீட்டி, கண்ணுக்கு எட்டாத இணைப்புகளைப் பார்ப்பார். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற விடுவார். இரண்டு பொருளை ஒன்றாக மாற்றிப் பிழை போய்விட்டால், எதனால் போனது என்று தெரியாதே என்பது அவருடைய நியாயம். கழற்றிய பழைய பொருளைக் குப்பையில் போடவும் விடமாட்டார்.

எனக்கு ஆரம்பத்தில் இது எரிச்சலாக இருந்தது. படகுக்காரர் கரையில் காத்துக்கொண்டு நிற்பார்கள். நான் பழகிய இடத்தில் வேகம்தான் திறமை.

நெடுந்தீவுக்கும் யாழ்ப்பாணப் பக்கத்துக் குறிகட்டுவான் துறைக்கும் இடையில் ஆட்களை ஏற்றி இறக்கும் படகு அது. கடல் தண்ணீர் உள்ளே போய் இயந்திரம் இறுகிவிட்டது என்று இழுத்துக்கொண்டு வந்தார்கள். படகை ஓட்டுபவர் அன்ரன். நாற்பதைத் தாண்டியவர், தீவிலேயே பிறந்தவர், அதிகம் கதைக்காதவர். இயந்திரம் கணினியால் எரிபொருளைக் கட்டுப்படுத்தும் புதிய வகை. வெப்பம், எண்ணெய் அழுத்தம், சுழலும் வேகம் என்று எல்லாவற்றையும் சென்சர்கள் கணினிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். ஒன்று சொல்லாமல் விட்டால் கணினி வேகத்தைக் குறைக்கும், அல்லது இயந்திரத்தை நிறுத்திவிடும்.

குலம் அதைக் கடைசி நட்டு வரை பிரித்தார். லைனர், பிஸ்டன், பெயாரிங் எல்லாம் புதிது. இயந்திரத்தின் கால்களுக்கு அடியில் இருந்த ரப்பர்த் தாங்கிகள் கல்லுப்போல இறுகிக் கிடந்ததால் அவற்றையும் மாற்றினோம். வெளியே பெயின்ற் அடித்தோம். நான் வயர்க் கட்டைக் கழற்றும்போது எந்தக் கவ்வி எங்கே இருந்தது என்று படம் எடுத்து வைத்து, அதே இடத்தில் அதே கவ்வியில் திரும்பப் பூட்டினேன். மிஸ் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்றார்.

முதல் நாள் ஸ்ராட்டர் சுற்றவே இல்லை. பற்றரி நன்றாக இருந்தது. ஏர்த் வயரைப் புதுப் பெயின்றுக்கு மேலே பூட்டியிருந்ததால் மின்சாரம் திரும்பி வர வழியில்லை. பெயின்றைச் சுரண்டி இரும்பு தெரிய வைத்ததும் சுற்றியது. பிறகு எண்ணெய் அழுத்தம் இல்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. நான் சென்சரைச் சந்தேகித்தேன். மிஸ் அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. குலத்திடம் கையால் பூட்டும் அழுத்த மானியைக் கொண்டுவரச் சொல்லி, உண்மையான அழுத்தத்தை அளந்த பிறகே சென்சரைத் தொட விட்டார். அழுத்தம் சரியாக இருந்தது. சென்சரின் திருகுப் புரியில் எண்ணெய் கசியாமல் சுற்றிய வெள்ளை நாடா அதை இரும்பிலிருந்து பிரித்து வைத்திருந்ததால் மின்தொடர்பு கிடைக்கவில்லை. இந்த வகைப் பிழைகளைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. தேடினால் அவை ஒரே இடத்தில் நிற்கும், பிடித்துவிடலாம்.

அதன் பிறகு இயந்திரம் கரையில் கட்டியபடி ஒரு பகல் முழுக்க ஓடியது. ஆட்கள் இல்லாத வெறும் படகாகக் கடலில் ஓட்டிப் பார்த்தோம். கடல் பாய் விரித்தாற்போல் கிடந்தது. எந்தக் குறையும் இல்லை. அன்ரன் படகைக் கொண்டுபோனார்.

இரண்டாவது வாரம் படகை இன்னொரு படகு இழுத்துக்கொண்டு வந்தது. அன்ரன் இறங்கி வந்து, சாவியை மிஸ்ஸின் மேசையில் வைத்தார். இனி இந்தப் படகில் ஆட்களை ஏற்றமாட்டேன் என்று மட்டும் சொன்னார். வேறு ஓட்டியைத் தேடுங்கள் என்று படகுச் சங்கத்துக்கும் சொல்லிவிட்டாராம். மிஸ் அவரை இருக்கச் சொன்னார். அவர் இருக்கவில்லை. அப்படியே வாசலால் வெளியே போய்விட்டார்.

நடந்ததை அவரோடு வந்தவர்கள் சொன்னார்கள். தீவில் பரமேஸ்வரி என்ற பெண்ணைப் புடையன் பாம்பு கடித்திருக்கிறது. ஆடு கட்டப் போன இடத்தில், கணுக்காலில். தீவு ஆஸ்பத்திரியில் முதல் சிகிச்சை கொடுத்து, உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். அன்ரனின் படகு புறப்படத் தயாராக இருந்தது. பயணிகளோடு அவரையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று பலமாக வீசிய நாள். நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பியதும் உடனே ஓடியது. வேகத்தைக் கூட்டினால் திரும்ப நின்றது. மெதுவாகப் போனால் ஓடியது, ஆனால் அந்தக் காற்றுக்கு எதிராக அந்த வேகத்தில் படகு முன்னேறவில்லை. உள்ளே பரமேஸ்வரியின் பல் முரசில் இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. அவருடைய மகள் ஓட்டியைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். அன்ரன் வேகத்தைக் கூட்டக் கூட்ட இயந்திரம் நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் மீன்பிடிப் பைபர் படகு ஒன்று பக்கத்தில் வந்து, அலை தூக்கிய நேரம் பார்த்துப் பரமேஸ்வரியைக் கை மாற்றி ஏற்றிக்கொண்டு போனது.

பரமேஸ்வரி யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறார் என்று மறுநாள்தான் தெரியவந்தது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டு அங்கேயே இருந்தார்.

மடிக்கணினியைச் செருகிப் பார்த்தேன். இயந்திரத்தின் பின்பக்கம் சுழலும் பெரிய சக்கரத்தின், எங்கள் பேச்சில் சில்லின், பற்களை எண்ணுகிற சென்சரிலிருந்து செய்தி வரவில்லை என்று காட்டியது. அந்தச் செய்தி நின்றால் இயந்திரமும் நிற்கும். எனக்கு அது போதுமாக இருந்தது. புதுச் சென்சர் பூட்டினேன். கரையில் ஓடியது. வெறும் படகாகக் கடலுக்குக் கொண்டுபோனோம். அங்கேயும் ஓடியது. படகுச் சங்கத்தின் தலைவர் வந்து, பள்ளிக்கூடம் தொடங்குகிறது, படகைத் தாருங்கள் என்று கேட்டார். கொடுத்துவிடலாம் என்று நானும் சொன்னேன்.

மிஸ் மறுத்துவிட்டார். பழைய சென்சரோடும் இப்படித்தானே கரையில் ஓடியது, வெறும் படகாக ஓடியது, புதியது பூட்டியதால் எதை நிரூபித்தோம் என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. தலைவர், கணினியையே கொழும்பிலிருந்து புதிதாக எடுப்போமா என்றார். வேறொருவர், இயந்திரத்தை நிறுத்தும் வயரை வெட்டிவிட்டால் நிற்காதே என்று யோசனை சொன்னார். மிஸ் இரண்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்கு முதலில் அன்ரனோடு கதைக்க வேண்டும் என்றார்.

மறுநாள் காலை நானும் அவரும் நெடுந்தீவுக்குப் போனோம். அன்ரன் வீட்டு முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து கதிரை கொண்டுவந்து போட்டார். ஆனால் முகம் கொடுக்கவில்லை. மிஸ் தேநீர் வரும்வரை எதுவும் கேட்கவில்லை.

பிறகு, அன்று நடந்ததை முதலிலிருந்து சொல்லும்படி கேட்டார். அன்ரன் சொன்னார். எங்களுக்கு ஏற்கனவே தெரிந்ததுதான். நின்றது, ஓடியது, திரும்ப நின்றது. ஒவ்வொரு தடவை நின்றதையும் சொல்லும்போது அவர் வலது கை தானாக முன்னுக்குத் தள்ளிக்காட்டியது. மிஸ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பைபர் படகு கிட்ட வரும்வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

"காத்து எங்களைக் கல்லுப் பக்கம் தள்ளிக்கொண்டு போட்டுது. அதிலை ஏறினால் படகு உடைஞ்சிடும். வேறை வழி தெரியேல்லை. பின் கியரைப் போட்டு, பின்பக்கத்தைக் காத்துக்குக் குடுத்து, பின்னுக்கே ஓட்டினன். ஆழத்துக்கு வந்தாப் பிறகுதான் நங்கூரம் போட்டது."

"பின்னுக்குப் போகேக்கை எத்தினை தரம் நிண்டது?"

அன்ரன் வலை ஊசியைக் கீழே வைத்தார்.

"நிக்கேல்லை" என்றார்.

"மெல்லமா ஓட்டினீங்களோ?"

"மெல்லமா ஓட்டினால் அந்தக் காத்துக்கு நிண்டு பிடிக்குமோ? முழு வேகத்திலைதான் ஓட்டினன். ஒருக்காலும் நிக்கேல்லை."

திரும்பி வரும் படகில் நான் அன்ரனின் வார்த்தையை மனதுக்குள் உருட்டிக்கொண்டு வந்தேன். சென்சருக்கோ கணினிக்கோ முன்னும் பின்னும் தெரியாது. எந்தக் கியரில் போனாலும் சில்லு ஒரே பக்கம்தான் சுற்றும். அப்படியானால் முன்னுக்கும் பின்னுக்கும் எது வேறுபடுகிறது? குறிகட்டுவானில் இறங்கும்போது பதில் வந்துவிட்டது. இயந்திரம் புரொப்பெல்லரை முன்னுக்குச் சுற்றும்போது ஒரு பக்கம் சரியும். பின்னுக்குச் சுற்றும்போது மற்றப் பக்கம் சரியும். பாரம் கூடக் கூடச் சரிவும் கூடும். நான் அதைச் சொல்ல வாயைத் திறக்க, மிஸ்ஸும் அதே முடிவுக்கு வந்திருந்தார்.

"அண்ணை, கயிறு வேணும். மொத்தமான கயிறு."

வேர்க்‌ஷொப்பின் துறையில் கொங்கிறீற்றுத் தூண்கள் இரண்டு இருந்தன. படகின் பின்பக்கத்தை இரண்டிலும் கட்டினோம். படகு முன்னுக்குப் போக முயலும், கயிறு விடாது. நடுக்கடலில் ஆட்களோடு காற்றை எதிர்த்துப் போகிற அதே பாரம் இயந்திரத்துக்குக் கரையிலேயே கிடைக்கும். அன்ரனும் வந்திருந்தார். கூப்பிடாமலே வந்தார். ஆனால் சுக்கான் பக்கம் போகவில்லை, கரையில் நின்றார். குலம் மேலே இயந்திரத்தை இயக்கினார். நான் இயந்திர அறையில் வயிறு பலகையில் பட நீட்டிப் படுத்து, டோர்ச்சைப் பிடித்துக்கொண்டேன். மிஸ் எனக்கு எதிர்ப்பக்கத்தில் கண்ணாடியோடு குந்தியிருந்தார்.

முன் கியர் விழுந்ததும் இயந்திரம் மெல்லத் தோளைச் சரித்தது. வேகம் கூடியது. இன்னும் சரிந்தது. பழைய இறுகிய ரப்பர்களில் அது இவ்வளவு அசைந்திருக்காது. இப்போது புதிய, மென்மையான ரப்பர்களில் உட்கார்ந்திருக்கிறது. சில்லுச் சென்சருக்குப் போகும் வயர்க் கட்டு ஒரு முனையில் இயந்திரத்திலும் மறுமுனையில் படகின் மரச் சட்டத்திலும் கவ்வப்பட்டிருந்தது. இயந்திரம் சரியச் சரிய அந்தக் கட்டு கொடிக்கயிறுபோல விறைத்ததைக் கண்ணால் கண்டேன். சத்தம் பட்டென்று நின்றது. இயந்திரம் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. வயர் தளர்ந்தது.

குலம் மேலிருந்து, தான் எதையும் தொடவில்லை என்று சொன்னார்.

எனக்குக் கை துறுதுறுத்தது. கவ்வியைக் கழற்றி, வயருக்கு இடம் கொடுத்து, வேலையை முடித்துவிடலாம். மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார். முதலில் பின் கியரில் போட்டுப் பார்க்கச் சொன்னார். படகைத் திருப்பிக் கட்டி, முழு வேகத்தில் ஓட்டினோம். நிற்கவில்லை. திரும்ப முன் கியர். நின்றது. மரச் சட்டத்தில் இருந்த அந்த ஒரு கவ்வியை மட்டும் கழற்றினேன். முன் கியரில் முழு வேகம் வந்தும் நிற்கவில்லை. எனக்கு அதோடு திருப்தி.

"திரும்பப் பூட்டுங்கோ, அண்ணை" என்றார் மிஸ்.

"பிழை பிடிபட்டிட்டுதே, மிஸ்."

"போனது காணாது. நாங்கள் கூப்பிட்டால் அது திரும்பியும் வரவேணும். அப்பதான் அது உந்தப் பிழைதான் எண்டு எனக்கு நம்பிக்கை வரும்."

பூட்டினேன். முன் கியர் போட்டார்கள். வேகம் கூடி, சொன்னது போலவே நின்றது. அந்தத் தடவை இயந்திரம் நின்றபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வேலைக்கு வந்த காலம் முழுக்க இயந்திரம் ஓடினால்தான் எனக்கு மகிழ்ச்சி. அன்றுதான் அது நின்றதற்கு மகிழ்ந்தேன்.

சென்சரின் இணைப்பைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்தபோது உள்ளே ஒரு ஊசி மற்றவற்றைவிடப் பின்வாங்கி இருந்தது. வயர் இழுபட்டு இழுபட்டு, அதைப் பிடித்து வைக்கும் சின்னப் பல் உடைந்திருந்தது. இழுக்கும்போது தொடுப்பு விடும், தளர்ந்தால் திரும்பத் தொடும். கடலில் நின்ற உடனேயே இயந்திரம் திரும்ப ஓடியதற்கும் அதுதான் காரணம். யாரும் எதையும் தவறாகப் பூட்டவில்லை. எல்லாம் முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது. இயந்திரம்தான் முன்பு இருந்த மாதிரி இல்லை. ஊசியை மாற்றினேன். மரச் சட்டத்துக் கவ்வியை எடுத்துவிட்டு, வயர்க் கட்டை இயந்திரத்தோடு சேர்த்தே கொண்டுபோய், படகோடு இணையும் இடத்தில் தாராளமாக ஒரு வளையம் விட்டேன். மற்ற வயர்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தோம்.

ஆட்களின் பாரத்துக்குப் பதிலாக மணல் மூட்டைகளை அடுக்கிக்கொண்டு அதே வாடைக் காற்றிலேயே கடலுக்குப் போனோம். அன்ரனே ஓட்டினார். முழு வேகத்தில், அவர் அன்று நின்ற அதே இடத்தைத் தாண்டிப் போய் வந்தோம். கரைக்கு வந்ததும் மிஸ் அவரைப் பார்த்தார்.

"மணல் மூட்டைக்குச் சாவைப் பற்றித் தெரியாது, மிஸ்" என்றார் அன்ரன்.

ஆனாலும் சாவியை எடுத்துக்கொண்டார். வேறு ஓட்டியைச் சங்கம் தேடவில்லை.

முதல் சில வாரங்களுக்கு எங்களில் ஒருவர் படகோடு போய்வர வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். பெரும்பாலும் நான்தான் போனேன். அன்ரன் ஆட்களை ஏற்றினால் பாதி வேகத்துக்கு மேலே போகமாட்டார். படகு நேரத்துக்குப் போகவில்லை என்று ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் சங்கத்தில் முறையிட்டார்கள். இயந்திரத்தின் பிழையை எனக்குத் திருத்தத் தெரியும். இது வேறு.

ஒரு நாள் குறிகட்டுவானில் ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது, ஒரு பெண் மகளின் கையைப் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்தார். மெலிந்திருந்தார். ஒரு காலில் இன்னும் கட்டு இருந்தது. அன்ரன் அவரைக் கண்டதும் சுக்கானை விட்டு இறங்கிப் போய்க் கை கொடுத்து ஏற்றினார். அவர்தான் பரமேஸ்வரி என்று பக்கத்தில் நின்றவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மகள் படகுக்குள் வந்ததும் சுற்றிப் பார்த்து, வேறு படகில் போவோம் என்று தாயின் காதில் சொன்னது எனக்குக் கேட்டது. தாய் ஓட்டிக்குப் பக்கத்தில் இருந்த வாங்குப் பலகையில் போய் இருந்தார்.

படகு புறப்பட்டது. அன்று அன்ரன் பாதி வேகம்கூடப் போகவில்லை. கை வேகப்பிடியிலேயே இருந்தது, ஆனால் அசையவில்லை. மற்றப் படகு ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பரமேஸ்வரி அன்ரன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உது இவ்வளவுதான் ஓடுமோ? ஆஸ்பத்திரிச் சோறு திண்டு நாக்குச் செத்துப்போச்சு. மத்தியானத்துக்கு முன்னம் நான் வீட்டை போய் உலை வைக்கவேணும்."

அன்ரன் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் பிடியை முன்னுக்குத் தள்ளினார், பாதியைத் தாண்டி, கடைசி வரைக்கும். படகின் மூக்கு எழும்பியது. பரமேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, வீட்டில் அரிசி இருக்கிறதா என்று மகளிடம் கேட்டார்.